நிலமில்லாதவர்களுக்கு ஆங்கிலம்

நிலம் கொடுத்தவர்களுக்குப் பணம், நிலம் இல்லாதவர்களுக்கு ஆங்கிலம் என்று முடிவாயிற்று.

இந்த முடிவை எடுத்தவர் யார் என்று கடைசிவரை தெரியவில்லை. அறிவித்தவர் முனைவர் துரைராஜ். உதயதாரகை மறுவாழ்வு அறக்கட்டளை நெய்வேலி டவுன்ஷிப்பில் தொடங்கியிருந்த சமுதாயக் கல்லூரிக்கு அவர்தான் முதல்வர். கம்மாபுரம் பக்கத்தில் நிலக்கரிச் சுரங்கத்துக்காக ஓர் ஊர் காலியானபோது, அந்த ஊரின் காலனியில் இருந்தவர்களை சுரங்க மண்மேட்டுக்கு இந்தப் பக்கம் கொண்டுவந்து குடியேற்றி, அந்த இடத்துக்குப் புதுக்காலனி என்று பெயர் வைத்திருந்தார்கள். தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் வயலில் நட்டு, களையெடுத்து, அறுத்துப் பிழைத்தவர்கள். வயல் போனதும் பிழைப்பும் போயிற்று. ஆனால் அவர்கள் பெயரில் ஒரு சென்ட் நிலமும் இல்லாததால், அவர்கள் எதையும் இழக்கவில்லை என்று அறக்கட்டளை ஆய்வு செய்து கண்டுபிடித்தது. இழக்காதவர்களுக்கும் ஏதாவது செய்ய வேண்டும் என்ற நல்லெண்ணத்தில்தான் ஆங்கிலம் வந்தது.

2014ஆம் ஆண்டு தை மாதம் புதுக்காலனியில் பந்தல் போட்டுக் கூட்டம் நடந்தது. துரைராஜ் முழுக்கைச் சட்டையும் கழுத்துப் பட்டையுமாக வந்திருந்தார். அவர் பேசியதன் சாரம் இது:

"நிலம் போகும். மாடு போகும். வீடுகூடப் போகும். ஆங்கிலம் போகாது. உங்களிடம் ஒன்றும் இல்லை என்று வருத்தப்படுகிறீர்கள். அதுதான் உங்கள் பலம். சொத்து உள்ளவன் சொத்தைப் பற்றியே நினைத்துக்கொண்டிருப்பான், அவனுக்கு மொழி ஏறாது. உங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை."

கூட்டத்தில் ஒருவர் எழுந்தார். கொளஞ்சிநாதன் என்று பெயர். ஐம்பது வயதைத் தாண்டியவர், ஏர் ஓட்டியே காலம் கழித்தவர்.

"ஐயா, பைப்புல தண்ணி செவப்பா வருதுங்க. துணியில வடிகட்டிக் குடிச்சிக்கினு இருக்கறோம்."

"பாருங்கள்," என்றார் துரைராஜ் மகிழ்ச்சியோடு. "இதையே இவர் ஆங்கிலத்தில் சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்."

கொளஞ்சிநாதன் உட்கார்ந்தார். வீட்டுக்கு ஒருவர் கட்டாயம் படிக்க வர வேண்டும், வராத வீடு மறுவாழ்வில் ஒத்துழைக்காத வீடாகக் கருதப்படும் என்று சொல்லிக் கூட்டத்தை முடித்தார்கள். எல்லோருக்கும் ஒரு பன்னும் டீயும் கிடைத்தது.

மாரியம்மாள் வீட்டில் அவளும் மகள் எழில்மதியும் மட்டும்தான். எழில்மதி பிளஸ் டூ முடித்து ஏழெட்டு வருஷமாயிற்று. தாயும் மகளும் காடாம்புலியூரில் ஒரு முந்திரிக் கம்பெனிக்குக் கொட்டை உடைக்கப் போய்க்கொண்டிருந்தார்கள். முந்திரித் தோட்டின் எண்ணெய் பட்டுப்பட்டு இருவருடைய விரல்களும் கறுத்து, தோல் உரிந்து கிடந்தன.

"நீயே போ. நான் ஒருத்தி ஒடைக்கறன்," என்றாள் மாரியம்மாள். "உன் கைத்தோலாவது மிஞ்சட்டும்."

கொளஞ்சிநாதன் வீட்டிலும் இருவர்தான். மனைவி வீரம்மாளுக்கு இளைப்பு; பத்தடி நடந்தால் உட்கார வேண்டும். அதனால் அவரே படிக்கக் கிளம்பினார். கையெழுத்து மட்டும் போடத் தெரியும்.

கல்லூரி டவுன்ஷிப்பில் ஒரு பழைய கட்டிடத்தில் இருந்தது. வாசலில் வேப்பமரம். நுழைந்ததும் சுவரில் பெரிய எழுத்தில் ஓர் அறிவிப்பு: இந்தக் கேட்டுக்கு உள்ளே தமிழ் பேசக் கூடாது. ஆங்கிலம் தெரியாதவர்கள் ஆங்கிலம் கற்க வந்திருக்கும் இடத்தில் இந்த விதி என்ன விளைவை உண்டாக்கும் என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. விளைவு, அமைதி. டவுன்ஷிப்பிலேயே இவ்வளவு அமைதியான கல்லூரி வேறு இல்லை என்று துரைராஜ் வருகிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொன்னார்.

முதல் பருவம் முழுக்க வணக்கம் சொல்லும் பாடம். குட் மார்னிங், வெல்கம், தேங்க் யூ, சாரி, யெஸ் சார். வாயில் வந்தால் போதாது, முகத்திலும் வர வேண்டும் என்று ஓர் ஆளுயரக் கண்ணாடி வாங்கி மாட்டினார்கள். புதுக்காலனி ஆட்கள் வரிசையில் நின்று, ஒவ்வொருவராகக் கண்ணாடி முன் போய்த் தங்களுக்குத் தாங்களே குட் மார்னிங் சொல்லி, சிரித்து, நன்றி சொல்லிவிட்டுத் திரும்பினார்கள்.

ஒருநாள் வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது துரைராஜின் நாற்காலிக்கு அடியில் ஒரு பாம்பு வந்து சுருண்டது. முதலில் பார்த்தவர் கொளஞ்சிநாதன். எழுந்து நின்றார்.

"குட் மார்னிங் சார்."

"குட் மார்னிங். சிட் டவுன்."

"குட் மார்னிங் சார்," என்று உரக்கச் சொல்லி நாற்காலியின் கீழே கையைக் காட்டினார்.

துரைராஜுக்கு நெகிழ்ந்துவிட்டது. "பாருங்கள் இந்தப் பெரியவரின் ஆர்வத்தை," என்று மற்றவர்களுக்குச் சொன்னார். விதி மாணவர்களுக்கு மட்டும்தான். கொளஞ்சிநாதன் தெரிந்த சொற்களில் வேறெது பொருந்தும் என்று தேடி, பாம்பைக் காட்டி, "வெல்கம், வெல்கம்" என்றார்.

எழில்மதிக்குப் பொறுக்கவில்லை. "சார், பாம்பு."

துரைராஜ் "ஐயோ அம்மா" என்று காலைத் தூக்கி நாற்காலியின் மேல் வைத்துக்கொண்டார். கொளஞ்சிநாதன் போய், ஒரு குச்சியால் பாம்பைத் தள்ளி வெளியே விட்டுவிட்டு வந்தார். அன்று மாலைவரை எழில்மதி வராந்தாவில் நிற்க வைக்கப்பட்டாள், தமிழ் பேசியதற்காக. "நீங்களுந்தான சார் பேசினீங்க," என்று அவள் மெல்லச் சொன்னபோது துரைராஜ் கோபப்படவில்லை. ஆசிரியருக்குரிய பொறுமையோடு விளக்கினார்.

"அது உணர்ச்சி. மொழி அல்ல."

எழில்மதிக்கு ஒரு சந்தேகம் இருந்தது. எல்லாப் பாடத்திலும் பதில்கள் மட்டுமே இருந்தன. யெஸ் சார், ஐ ஆம் ஃபைன் சார், ஐ ஆம் வெரி ஹேப்பி சார். 'எப்போது', 'ஏன்', 'யார்' இதையெல்லாம் எப்படிக் கேட்பது என்று ஒருநாள் முதல்வர் அறைக்கே போய்க் கேட்டாள். அறைக்குள் தமிழுக்கு அனுமதி உண்டு. முதல்வருக்கு அதுதான் வசதி.

"கேள்வி வாக்கியங்கள் மேல்நிலைப் பட்டயத்தில் வரும்," என்றார் துரைராஜ். "இது சான்றிதழ்ப் படிப்பு. பதில் சொல்லத் தெரியாதவனுக்குக் கேள்வி கேட்கக் கற்றுக் கொடுத்தால் சமுதாயம் என்னாவது?"

"மேல்நிலை எப்ப சார் ஆரம்பிப்பீங்க?"

"அனுமதிக்கு எழுதியிருக்கிறோம்."

முதல் ஆண்டின் முடிவில் வேலைவாய்ப்பு நாள் வந்தது. வாழைமரம் கட்டி, மேடை போட்டு, பண்ருட்டி மூட்டைக் கிடங்கிலிருந்து ஒரு காண்டிராக்டரை வரவழைத்திருந்தார்கள். அவருக்கும் கழுத்துப் பட்டை கட்டிவிட்டதால் நெளிந்துகொண்டே உட்கார்ந்திருந்தார். ஒவ்வொருவரிடமும் அவர் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்: "கேன் யூ லிஃப்ட்?" அந்த வாக்கியத்தைத் துரைராஜே எழுதிக் கொடுத்திருந்தார். "யெஸ் சார்" என்றவர்களெல்லாம் தேர்வானார்கள். அடுத்த திங்கட்கிழமையிலிருந்து அவர்கள் மூட்டை தூக்கினார்கள். அதே கிடங்கில், அதே கூலிக்கு, கல்லூரி தொடங்குவதற்கு முன்பும் அவர்களில் பாதிப் பேர் மூட்டை தூக்கிக்கொண்டுதான் இருந்தார்கள். அப்போது தமிழில் தூக்கினார்கள்.

பங்குனியில் வீரம்மாள் செத்துப்போனாள். காலையில் கஞ்சி குடித்துவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தவள், அப்படியே இருந்தாள்.

புதுக்காலனியில் அதுதான் முதல் சாவு. பிணத்தைக் குளிப்பாட்டி, பூப்போட்டு, பறை அடிக்க ஆள் வந்த பிறகுதான் எங்கே கொண்டுபோவது என்று யாருக்கும் தெரியவில்லை என்பது தெரிந்தது. தண்ணீர்த்தொட்டிக்கு இடம் ஒதுக்கியிருந்தார்கள். பூங்காவுக்குக்கூட ஓர் இடம் கல் நட்டு விட்டிருந்தார்கள். இடுகாட்டுக்கு ஒதுக்கவில்லை. பழைய இடுகாடு சுரங்க வேலிக்கு உள்ளே போய்விட்டது. பக்கத்து ஊருக்கு நான்கு பேர் போய்க் கேட்டார்கள். ஊர்க்காரர்கள் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்கள். இவர்களை உட்காரச் சொல்லவில்லை.

"எங்க காலனி ஆளுங்களுக்கே அங்க எடம் பத்தல. நீங்க எங்கிருந்தோ வந்தவங்க. உங்கள கொண்டாந்து விட்டவங்களக் கேளுங்க."

அது நியாயமாகத்தான் பட்டது. கொளஞ்சிநாதன் எழில்மதியைக் கூட்டிக்கொண்டு கல்லூரிக்குப் போனார். அவருக்குத் தெரிந்த ஒரே அதிகாரி துரைராஜ்தான். மூட்டை தூக்கப் போகாதவர்களுக்கு வகுப்பு நடந்துகொண்டிருந்தது. வாசற்படியில் நின்று விஷயத்தைத் தமிழிலேயே சொன்னார். அன்றைக்கு அதை யாரும் கண்டிக்கவில்லை.

துரைராஜ் உண்மையாகவே வருந்தினார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு கரும்பலகைப் பக்கம் திரும்பினார்.

"துக்கம் விசாரிப்பது நமது பாடத்திட்டத்தில் இல்லை. ஆனால் வாழ்க்கை ஒரு வாய்ப்பைத் தரும்போது ஆசிரியன் அதை விட்டுவிடக் கூடாது," என்று சொல்லி, ஒரு வாக்கியத்தைப் பெரிதாக எழுதினார். வகுப்பை எழுந்து நிற்கச் சொன்னார். கொளஞ்சிநாதனை நடுவில் நிறுத்தினார். "எல்லோரும் இவரைப் பார்த்துச் சொல்லுங்கள்: மே ஹர் சோல் ரெஸ்ட் இன் பீஸ்."

எல்லோரும் சொன்னார்கள். உச்சரிப்பு போதவில்லை என்று மறுபடி சொல்லச் சொன்னார். மறுபடியும் சொன்னார்கள். பாதிப் பேருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. அவர்கள் வீரம்மாளோடு சேர்ந்து நாற்று நட்டவர்கள்.

"என்ன சொல்றாங்க, எழிலு?" என்று கேட்டார் கொளஞ்சிநாதன்.

"அத்தை ஆத்மா ரெஸ்ட் எடுக்கணும்னு சொல்றாங்க, மாமா."

கொளஞ்சிநாதன் துரைராஜைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். "அதுக்குத்தான் சார் வந்திருக்கறேன். எங்க ரெஸ்ட் எடுக்கறது? எடங் காட்டுங்க."

இடம் அறக்கட்டளையின் மறுவாழ்வுப் பிரிவைச் சேர்ந்தது, கல்லூரி கல்விப் பிரிவைச் சேர்ந்தது, இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது என்று துரைராஜ் விளக்கினார். வேண்டுமானால் ஆங்கிலத்தில் ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுங்கள், மேலே அனுப்புகிறேன் என்றார்.

வெயில் ஏறிவிட்டது. அதற்குமேல் வைத்திருக்க முடியாது. வீரம்மாளை ஓடைக்கரையில், கருவேலம் புதருக்கு நடுவில் புதைத்தார்கள். கரை மண் இளகலாக இருந்தது. நரி, நாய் தோண்டாமல் இருக்கக் கொளஞ்சிநாதன் முள்ளை வெட்டி மேலே போட்டார்.

எழில்மதி அதற்குப் பிறகுதான் ஆங்கிலம் படிக்க ஆரம்பித்தாள். அதுவரை அவள் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தாள், அவ்வளவுதான்.

கல்லூரியில் ஒரு நூலகம் இருந்தது. பார்வையாளர்கள் வரும் நாள்களில் திறப்பார்கள், மற்ற நாள்களில் பூட்டிவைப்பார்கள். தூசி தட்டும் பொறுப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். உள்ளே பழைய ஆங்கிலச் செய்தித்தாள்கள் கட்டுக்கட்டாக இருந்தன. கொலை, விபத்து, ஆற்றில் பிணம் என்று சாவுச் செய்திகளாகத் தேடிப் படித்தாள். தெரியாத சொல்லுக்குச் செல்போனில் பொருள் பார்த்தாள். உச்சரிப்புக்கு அதையே காதில் வைத்துக் கேட்டு, முந்திரிக் கம்பெனிக்குப் போகும் ஞாயிற்றுக்கிழமைகளில் கொட்டை உடைக்கும் சத்தத்தில் தனக்குள் சொல்லிப் பார்த்தாள்.

"என்னா முணுமுணுத்துக்கினே இருக்கற?" என்று கேட்டாள் மாரியம்மாள்.

"பொதைக்கறதுக்கு இங்கிலீஷ்ல என்னான்னு சொல்லிப் பாக்கறம்மா."

"நல்ல வார்த்தையா படிக்கக் கூடாதா?"

விண்ணப்பமும் எழுதிக் கொடுத்தாள். துரைராஜ் அதை ஆவலாக வாங்கி, சிவப்பு மையால் ஓர் எழுத்துப் பிழையைத் திருத்தி, பாராட்டுக் குறி போட்டு, கல்லூரியின் சாதனைப் பலகையில் எல்லோரும் பார்க்கும்படி ஒட்டினார்.

2015 ஆவணியில் மதிப்பீட்டுக் குழு வரப்போகிறது என்று தகவல் வந்தது. அறக்கட்டளைக்கு நிதி கொடுப்பவர்கள் டெல்லியிலிருந்து அனுப்பும் குழு. அது திருப்தி தெரிவித்தால் புதுக்காலனியின் மறுவாழ்வு நிறைவேறியதாக அறிவித்துவிடுவார்கள். அதற்குப் பிறகு அங்கே யாருக்கும் எந்தக் குறையும் இருக்க முடியாது. இருந்தாலும் கேட்பதற்கு அலுவலகம் இருக்காது.

துரைராஜ் எழில்மதியை அழைத்தார்.

"குழுத் தலைவருக்குத் தமிழ் தெரியாது. காலனி மக்கள் இரண்டு பேர் பேசுவார்கள். நீதான் மொழிபெயர்க்கிறாய். ஒன்றைப் புரிந்துகொள். மொழிபெயர்ப்பு சொல்லுக்குச் சொல் அல்ல, உணர்வுக்கு உணர்வு. அவர்களுடைய உணர்வு என்ன? நன்றி. ஆகவே அவர்கள் என்ன சொன்னாலும் நன்றி என்று மொழிபெயர்க்கலாம். இலக்கணப்படி தவறில்லை."

"அவங்க வேற ஏதாவது கேட்டா சார்?"

"கேட்பது தமிழில்தானே. அது உன்னைத் தாண்டி வந்தால்தானே கேள்வி." அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நல்லபடியாக முடிந்தால் பயிற்றுநர் வேலை உனக்குத்தான். மாதச் சம்பளம். யோசித்துக்கொள்."

எழில்மதி வீட்டில் சொன்னாள். மாரியம்மாள் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள்.

"வேல குடுக்கறேன்னு வாயால சொன்னாரா?"

"சொன்னாரு."

"அப்ப அவரு சொல்றத சொல்லிட்டு வந்துடு. நம்ம என்னா பண்றது."

"கொளஞ்சி மாமா பேசறாராம்மா."

மாரியம்மாள் ஊதுவதை நிறுத்தினாள். வீரம்மாளும் அவளும் ஒரே வயதில் அந்தக் காலனிக்கு மருமகள்களாக வந்தவர்கள். "எனக்கென்னா தெரியும், உன் இஷ்டம்," என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

குழு வந்த அன்று அறக்கட்டளை பேருந்து வைத்து எல்லோரையும் அழைத்துப்போனது. டவுன்ஷிப்பில் ஒரு மண்டபம், குளிரூட்டியது. பெண்கள் முந்தானையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தார்கள். குழுத் தலைவர் நரைத்த தலையும் மெல்லிய குரலுமாக நல்ல மனிதராகத் தெரிந்தார். யாரைப் பார்த்தாலும் கைகூப்பினார்.

முதலில் பேசிய பெண் துரைராஜ் சொல்லிக்கொடுத்தபடி பேசினாள். நன்றி என்றாள். எழில்மதி நன்றி என்று மொழிபெயர்த்தாள்.

அடுத்துக் கொளஞ்சிநாதன் எழுந்தார். மைக்கைத் தொடவில்லை. தொட்டால் ஷாக் அடிக்கும் என்று நினைத்தவர்போலச் சற்றுத் தள்ளி நின்றார்.

"எனக்குப் பேசத் தெரியாதுங்க. எங்க வூட்டுக்காரிய ஓடக்கரையில பொதச்சி வெச்சிக்கினு குந்திக்கினு இருக்கறேன். கரை மண்ணு இளகலு. மழ புடிச்சா அறுத்துக்கினு பூடும். நாளைக்கு எனக்கும் அதே கதிதான். வேல குடுக்கலன்னா போவுது. தண்ணி செவப்பா வருது, அதயும் குடிச்சிக்கறோம். செத்தா பொதைக்க ஒரு எடம் காட்டுங்க. அவ்ளோதாங்க."

முன்வரிசையில் துரைராஜ் எழில்மதியைப் பார்த்துப் புன்னகை செய்தார். கண்ணாடி முன் மாணவர்களுக்குப் பழக்கிய அதே புன்னகை.

எழில்மதிக்குச் சம்பளம் நினைவுக்கு வந்தது. அம்மாவின் விரல்களும் நினைவுக்கு வந்தன. பிறகு மைக்கைப் பிடித்து, கொளஞ்சிநாதன் சொன்னதை ஒரு சொல் விடாமல் ஆங்கிலத்தில் சொன்னாள். ஓடை, இளகிய மண், மழை, சிவப்புத் தண்ணீர், புதைக்க ஓர் இடம். அவசரப்படவில்லை. ஒவ்வொரு சொல்லையும் செய்தித்தாளில் படித்தபடி, செல்போனில் கேட்டபடி சொன்னாள்.

துரைராஜின் புன்னகை அப்படியே நின்றுவிட்டது. எழில்மதி அவரைப் பார்க்கவில்லை. குழுத் தலைவரைப் பார்த்தாள். அவர் தலையைச் சாய்த்து, கண்ணை மூடி, கச்சேரி கேட்பவர்போலக் கேட்டுக்கொண்டிருந்தார். அவள் முடித்ததும் கண்ணைத் திறந்தார். எழுந்தார். கைதட்டினார்.

குழுவினர் எழுந்து கைதட்டினார்கள். ஒரு கணம் திகைத்து, துரைராஜும் எழுந்து எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினார். பெரியவர்களே எழுந்து தட்டுகிறார்கள் என்றதும் புதுக்காலனி ஆட்களும் தட்டினார்கள். கொளஞ்சிநாதனும் தட்டினார். இடம் கிடைத்துவிட்டது என்று நினைத்தார்.

குழுத் தலைவர் ஆங்கிலத்தில் பேசினார். அதைத் துரைராஜ் உணர்ச்சி பொங்கத் தமிழில் சொன்னார்.

"தலைவர் சொல்கிறார்: நான் எத்தனையோ மாநிலங்களில் எத்தனையோ மறுவாழ்வுத் திட்டங்களைப் பார்த்திருக்கிறேன். மக்கள் துன்பப்படுகிறார்கள், ஆனால் அதைச் சொல்லத் தெரிவதில்லை. இங்கேதான் முதன்முறையாக ஒரு துன்பத்தை இலக்கணப் பிழை இல்லாமல் கேட்கிறேன். அதிலும் 'பெரியல்' என்ற சொல்லை இந்தப் பெண் எவ்வளவு சரியாக உச்சரித்தாள் என்பதைக் கவனியுங்கள்." இந்த இடத்தில் துரைராஜ் தன் பங்குக்குச் சேர்த்தார். "புதைப்பதற்கு ஆங்கிலம். நம்மூரில் பேராசிரியர்களே 'புரியல்' என்றுதான் சொல்வார்கள்."

மறுபடி கைதட்டல்.

"தலைவர் மேலும் சொல்கிறார்: தன் குறையைத் தானே ஆங்கிலத்தில் சொல்லும் அளவுக்கு ஒரு சமுதாயம் வளர்ந்துவிட்டது என்றால், அதற்கு இனி நம் உதவி தேவையில்லை."

கொளஞ்சிநாதன் இன்னும் நின்றுகொண்டிருந்தார். "எடம் எப்பங்க காட்டுவீங்க?" என்றார்.

எழில்மதி அதையும் ஆங்கிலத்தில் கேட்டாள். எப்போது என்று கேட்டாள், எங்கே என்று கேட்டாள், யார் என்றும் கேட்டாள்.

குழுத் தலைவர் வியப்போடு துரைராஜின் பக்கம் திரும்பினார். துரைராஜ் அடக்கமாகத் தலை குனிந்து ஆங்கிலத்தில் சொன்னார். "கேள்வி வாக்கியம், சார். மேல்நிலைப் பட்டயப் பாடம். எங்கள் கல்லூரியின் சூழலில் அவளாகவே வளர்த்துக்கொண்டது."

குழுத் தலைவர் எழில்மதியின் அருகில் வந்து, கண் கலங்க அவள் தோளைத் தட்டிக்கொடுத்தார். வண்டிக்கு நேரமாகிவிட்டது என்று யாரோ வந்து சொன்னார்கள்.

அத்தனை பேர் எழுந்து கைதட்டியதில் இடம் உறுதியாகிவிட்டது என்று திரும்பும் பேருந்தில் ஒரே பேச்சாக இருந்தது. இடம் பூங்காவுக்குப் பக்கத்திலா, தொட்டிக்குப் பின்னாலா என்று பெண்கள் விவாதித்துக்கொண்டிருந்தார்கள். எழில்மதி சன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். கொளஞ்சிநாதன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இன்னா சொன்னாரு பாப்பா, கடைசியா?"

"எடத்தப் பத்தி ஒண்ணும் சொல்லல, மாமா. என் இங்கிலீஷ் நல்லா இருக்குதாம்."

பின்னாலிருந்து யாரோ அவரை வாழ்த்திக் கூப்பிட்டார்கள். கையை மட்டும் ஆட்டினார்.

"நீ சொல்லிக்கினு இருக்கும்போது பாத்துக்கினுதான் இருந்தேன்," என்றார் பிறகு. "எம் மாட்டுக்கு ஒடம்பு சொகமில்லன்னு டாக்டருக்கிட்ட சொன்னா, அவரு மாட்டப் பாப்பாரு. இந்தாளு உன் வாயையே பாத்துக்கினு இருந்தான்."

பேருந்தில் இருந்த மற்றவர்களுக்கு விஷயத்தைச் சொல்ல எழில்மதி எழுந்தாள். கொளஞ்சிநாதன் அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தார். "வூடு போய்ச் சேரட்டும். அதுவரைக்கும் சந்தோசமா இருந்துட்டுப் போறாங்க."

கல்லூரியிலிருந்து தன்னை நீக்கிவிடுவார்கள் என்று எழில்மதி நினைத்திருந்தாள். நீக்கியிருந்தால் அவளுக்கு ஒருவகையில் நிம்மதியாக இருந்திருக்கும். அடுத்த வாரம் துரைராஜ் அவளை அழைத்து, பயிற்றுநர் நியமன ஆணையைக் கையில் கொடுத்தார். அவள் அதை வாங்காமல் நின்றாள்.

"நான் நீங்க சொன்னபடி செய்யலியே சார்."

"அதனால்தான்," என்றார் துரைராஜ். அவர் முகத்தில் பகை இல்லை. "நன்றி சொல்பவர்கள் எல்லாக் கல்லூரியிலும் இருக்கிறார்கள். ஆங்கிலத்தில் குறை சொல்லும் மாணவி இந்தியாவிலேயே நம்மிடம் மட்டும்தான். அடுத்த முறையும் குழு வரும். நீ வேண்டும்."

அவள் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தாள். முந்திரிக் கம்பெனிக்குத் திரும்பிப் போனாள். அதற்குள் மாரியம்மாளின் விரல்களில் புண் சீழ் வைத்துவிட்டது. ஆஸ்பத்திரியில், இனிமேல் தோட்டெண்ணெயில் கை வைக்கக் கூடாது என்றார்கள். வீட்டில் சம்பாதிக்க ஒருத்தியின் கைதான் மிச்சம். ஐப்பசி பிறந்தபோது எழில்மதி கல்லூரிக்குப் போய் ஆணையை வாங்கிக்கொண்டாள். துரைராஜ் அவளை ஒன்றும் கேட்கவில்லை. புடவை கட்டி வர வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

அந்த ஆண்டு மழை எல்லோருக்கும் நினைவிருக்கும். கடலூர் மாவட்டமே தண்ணீரில் கிடந்தது. ஓடை கரை தெரியாமல் ஓடியது. கொளஞ்சிநாதன் முதல் நாள் மண்வெட்டியும் சாக்குமாகப் போய் அணை கட்டிப் பார்த்தார். மறுநாளும் போனார். மூன்றாம் நாள் போனபோது கட்டுவதற்குக் கரை இல்லை. கருவேலம் புதரோடு சேர்ந்து போயிருந்தது.

தண்ணீர் வடிந்த பிறகு அவர் ஓடையோடு கீழே நடந்து போய்த் தேடினார். காலனிப் பையன்களும் தேடினார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. எழில்மதி பார்க்கப் போனபோது வாசலில் உட்கார்ந்து மண்வெட்டிக்குக் காம்பு செருகிக்கொண்டிருந்தார்.

"போனாப் போவுது," என்றார். "அவ எடந் தேடிக்கினு அவளே கெளம்பிட்டா."

எழில்மதி அழுதாள். அவர் அவளை அழ விட்டுவிட்டு, காம்பைத் தரையில் தட்டிக்கொண்டே இருந்தார்.

மறுவாழ்வு நிறைவேறியதாக மார்கழியில் அறிவிப்பு வந்தது. புதுக்காலனியில் இருந்த அறக்கட்டளை அறையைப் பூட்டி, பெயர்ப்பலகையைக் கழற்றி, வேனில் ஏற்றினார்கள். இன்னோர் ஊர் காலியாகிக்கொண்டிருந்தது. பலகை அங்கே தேவைப்பட்டது.

தை மாதம் அந்த ஊர்க் காலனியிலிருந்து புதிய மாணவர்கள் வந்தார்கள். எழில்மதிக்கு அதுதான் முதல் வகுப்பு. நீலப் புடவை கட்டியிருந்தாள். துரைராஜ் உள்ளே வந்து, "உங்களைப் போல இருந்தவர்தான் இவர், இன்று எப்படி இருக்கிறார் பாருங்கள்," என்று அறிமுகம் செய்துவிட்டு, கதவருகே நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

பெஞ்சுகளில் இருந்தவர்கள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் பேசவில்லை, சுவரில் இருந்த அறிவிப்பை அவர்களுக்குப் படித்துக் காட்டியிருந்தார்கள். இரண்டாவது பெஞ்சிலிருந்து மட்டும் ஓர் அம்மா எழுந்து நின்றாள். ராஜாம்பாள் என்று பெயர் சொன்னாள். நாற்பது வயதிருக்கும். முழங்கையில் இன்னும் சேறு காய்ந்திருந்தது. கடைசி அறுவடையாக இருக்கலாம்.

"டீச்சரம்மா, ஒண்ணே ஒண்ணு. இத படிச்சா வேல கெடைக்குமா?"

துரைராஜ் தமிழுக்காக அவளைக் கண்டிக்கவில்லை. அவரும் பதிலுக்காக எழில்மதியைப் பார்த்தார்.

எழில்மதிக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது. எல்லாவற்றையும் தமிழில் சொல்ல முடியும், ஆங்கிலத்திலும் சொல்ல முடியும்.

"எனக்குக் கெடச்சிதும்மா," என்றாள்.

அதில் பொய் ஒரு சொல்லும் இல்லை. ராஜாம்பாள் தலையை ஆட்டி, பக்கத்தில் இருந்தவளிடம் "கெடைக்குமாம்" என்று மெல்லச் சொல்லி, நிம்மதியாக உட்கார்ந்தாள். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியாமல் எழில்மதி கரும்பலகையின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.